சின்ன ஓஎல்ஈடி திரை: கல்லடி விறாந்தையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பின் கல்லடியில் வீட்டு முன்விறாந்தையில் பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகளோடு இருந்து எலெக்ட்ரோனிக்ஸ் நோண்டுவது என் பழக்கம். பாடசாலைக் கண்காட்சி நெருங்கினால் விறாந்தை நிரம்பிவிடும். களுவாஞ்சிகுடி, ஏறாவூர், அக்கரைப்பற்று என்று தொலைபேசியிலும் கேள்விகள் வரும். பெரும்பாலும் ஒரே சாமானைப் பற்றித்தான்: 0.96 அங்குலம், 128க்கு 64 புள்ளி, ஒற்றை நிற ஓஎல்ஈடி (புள்ளிகள் தாமே ஒளிரும்) திரை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதிவைக்கிறேன். வேறு சொல்லாத இடத்தில் போர்ட் என்றால் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை, திரையின் சிப் எஸ்எஸ்டி1306 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திரைக்குள் என்னதான் நடக்கிறது?

கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய கீற்றாக ஒட்டியிருப்பதுதான் சிப். அதற்குள் 1024 பைட் நினைவகம் இருக்கிறது. 128ஐ 64ஆல் பெருக்கினால் 8192 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். கணக்கு 1024இல் வந்து நிற்கும். பிட் 1 ஆனால் புள்ளி எரியும், 0 ஆனால் அணையும். அதற்கு மேல் அந்தச் சிப்புக்கு ஒன்றும் தெரியாது. எழுத்தும் தெரியாது, வட்டமும் தெரியாது. பழைய 16க்கு 2 எல்சிடி திரையில் எழுத்து வடிவங்கள் சிப்புக்குள்ளேயே இருக்கும். ஆங்கில ‘ஏ’ எழுத்தின் எண்ணை அனுப்பினால் அதுவே வரைந்துகொள்ளும். இங்கே வரைவது முழுக்க உங்கள் போர்டின் வேலை.

பிள்ளைகள் குழம்புவது பைட்டுகள் அடுக்கப்பட்ட விதத்தில். இடமிருந்து வலமாக எட்டுப் புள்ளி ஒரு பைட் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்தச் சிப்பிலோ மேலிருந்து கீழாக எட்டுப் புள்ளி ஒரு பைட். மருதமுனைப் பட்டைச் சாரத்தைக் குறுக்கே விரித்தால் பட்டை பட்டையாக ஓடுமே, அதுபோலத் திரை எட்டுப் பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பட்டையும் எட்டுப் புள்ளி உயரம், 128 நிரல் (மேலிருந்து கீழான வரிசை) அகலம். ஒரு நிரலுக்கு ஒரு பைட், அந்தப் பைட்டின் கடைசிப் பிட், அதாவது பெறுமதி மிகக் குறைந்த பிட், மேலே நிற்கும்.

இப்போது ஒரு புள்ளியை மட்டும் எரிக்க வேண்டும் என்று வையுங்கள். அதே பைட்டில் இருக்கும் மற்ற ஏழு புள்ளிகளைக் குழப்பக்கூடாது. அதற்கு அந்த ஏழும் இப்போது எப்படி இருக்கின்றன என்று தெரியவேண்டும். ஆனால் ஐ2சி (இரண்டு வயரில் சிப்புகள் பேசிக்கொள்ளும் முறை) வழியில் இந்தச் சிப்பிடம் எழுதலாமே தவிர, எழுதியதைத் திரும்பக் கேட்க முடியாது. அதனால்தான் பெரும்பாலான லைப்ரரிகள் (திரையை இயக்க முன்னரே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்புகள்) அந்த 1024 பைட்டுக்கும் ஒரு பிரதியைப் போர்டின் ராமில் வைத்து, அதிலே வரைந்து, பிறகு மொத்தமாக அனுப்புகின்றன. இந்த 1024ஐ மறக்காதீர்கள். கீழே வரும் தொல்லைகளில் பாதி அதிலிருந்துதான் கிளம்புகிறது.

நாலு வயர்தானே, அதில் என்ன பிழை வரும்?

எனக்கு வந்தது. ஒரு திரையில் இடமிருந்து ஜிஎன்டி (தரை), விசிசி (மின் உள்ளே வரும் பின்), எஸ்சிஎல் (துடிப்பு), எஸ்டிஏ (தரவு) என்று பின்கள் இருந்தன. அடுத்த தடவை வாங்கியதும் பார்வைக்கு அச்சு அசல் அதே திரை. பழைய வயரை அப்படியே கழற்றிச் செருகினேன். அதில் விசிசி முதலாவது, ஜிஎன்டி இரண்டாவது. விரல் வைத்துப் பார்த்தபோது சுட்டது. பிறகு அது எழும்பவே இல்லை. ஆகவே பின் வரிசையை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் பலகையில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள்.

ஊனோவில் எஸ்டிஏ ஏ4க்கும் எஸ்சிஎல் ஏ5க்கும் போகும். வைஃபை உள்ள ஈஎஸ்பி32 என்ற இன்னொரு போர்டில் வழக்கமாக 21 எஸ்டிஏ, 22 எஸ்சிஎல். விசிசிக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் பயமில்லை. 5 வோல்ட் கொடுக்க வேண்டுமானால் திரைப் பலகையின் பின்னால் மூன்று காலுள்ள சின்ன ரெகுலேட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பின்களுக்கு ஈயம் வைக்காமல் துளைக்குள் சாய்த்துச் செருகிவிட்டு ‘வேலை செய்யுதில்லை’ என்று வருகிறவர்களுக்கு நான் தேத்தண்ணி மட்டும்தான் கொடுப்பேன்.

‘எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு சேர், ஆனா கறுப்பாவே கிடக்கு.’

முதலில் ஐ2சி ஸ்கேனர் என்ற சின்னப் புரோகிராமை ஏற்றுங்கள். அது ஒவ்வொரு முகவரியாக (வயரில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் உரிய எண்) கூப்பிட்டு, பதில் சொன்னதைக் காட்டும். ஒன்றுமே பதில் சொல்லாவிட்டால் சிக்கல் வயரில். புரோகிராமை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. எஸ்டிஏயும் எஸ்சிஎல்லும் மாறியிருக்கலாம், பிரெட்போர்ட் தளர்ந்திருக்கலாம், ஜம்பர் வயர் உள்ளே அறுந்திருக்கலாம். மலிவான ஜம்பர் வயரில் இந்த உள்முறிவு சாதாரணம். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள்.

ஸ்கேனர் முகவரி காட்டியும் திரை கறுப்பென்றால் மூன்று காரணங்களில் ஒன்று. ஒன்று, புரோகிராமில் உள்ள முகவரி வேறு. அடாஃப்ரூட் நிறுவனத்தின் லைப்ரரியில் 128க்கு 64 உதாரணத்தில் பதினறும எண்ணில் (16ஐ அடியாகக் கொண்டது) 3டி என்று இருக்கும். நமக்குக் கிடைக்கும் திரைகள் பெரும்பாலும் 3சி. இரண்டு, எழுதிவிட்டு டிஸ்பிளே கட்டளையைக் கொடுக்கவில்லை. ப்ரிண்ட் செய்வது ராமில் இருக்கும் பிரதியில்தான் விழும். அதைத் திரைக்கு அனுப்புவது டிஸ்பிளே கட்டளை. மூன்று, சார்ஜ் பம்ப் இயங்கவில்லை. ஓஎல்ஈடி ஒளிர 7 வோல்ட்டுக்கு மேல் தேவை. 3.3 வோல்ட்டிலிருந்து அதை உண்டாக்குகிற பகுதி சிப்புக்குள் இருக்கிறது, ஆனால் தொடங்கும்போது ‘இயங்கு’ என்று சொல்லவேண்டும். லைப்ரரியைப் பயன்படுத்தினால் திரையைத் தொடக்கும் பிகின் வரியில் சுவிட்ச்கேப் என்று வருகிற சொல்தான் அந்த உத்தரவு. கட்டளைகளைத் தாமே எழுதி அனுப்புகிறவர்கள் 8டி, அதன் பின் 14 என்ற இரண்டு பதினறும எண்களையும் மறந்துவிட்டுத் தலையைப் பிய்ப்பார்கள்.

திரை உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் அறிய ஏ5 என்ற பதினறும எண்ணைக் கட்டளையாக (ஊனோவின் ஏ5 பின் அல்ல) அனுப்புங்கள். நினைவகத்தில் என்ன இருந்தாலும் எல்லாப் புள்ளியும் எரியும். ஏ4 அனுப்பினால் பழையபடி வந்துவிடும்.

திரையின் பின்னால் 78 என்று போட்டிருக்கிறது, புரோகிராமில் 3சி. எது சரி?

இரண்டும் ஒன்றுதான். ஐ2சி முகவரி ஏழு பிட். அதன் வாலில் எழுதுவதா வாசிப்பதா என்று சொல்ல ஒரு பிட் ஒட்டும். ஒட்டினால் எண் இரட்டிக்கும்: 3சி என்பது நம் எண்ணில் 60, 78 என்பது 120. ஆர்டுயினோவுக்கு ஏழு பிட் முகவரியைத்தான் கொடுக்கவேண்டும். 7ஏ என்று போட்டிருந்தால் 3டி.

ஒரு ஓரத்தில் மட்டும் குப்பைக் கோடு ஓடுகிறது.

உங்களிடம் இருப்பது எஸ்எச்1106 சிப். 1.3 அங்குலத் திரைகளில் இது சாதாரணம். அதன் நினைவகம் 132 நிரல். நடுவில் 128 மட்டும் கண்ணாடியில் தெரியும். எஸ்எஸ்டி1306 என்று நினைத்து அனுப்பினால் படம் இரண்டு புள்ளி நகர்ந்து, ஓரத்தில் யாரும் துடைக்காத பைட்டுகள் எட்டிப்பார்க்கும். லைப்ரரியில் சிப்பின் பெயரை மாற்றினால் போதும்.

கரண்ட் கொடுத்தவுடன் மணலை வாரி இறைத்ததுபோல் திரை முழுக்கப் புள்ளிகள் தெரிவது வேறு கதை. நினைவகத்தில் பிறக்கும்போதே கிடக்கும் குப்பை அது. ஒரு தடவை துடைத்து அனுப்பினால் போய்விடும்.

‘மெமரி 40 வீதம்தான் எண்டு காட்டுது, ஆனா எஸ்டி கார்டு சேர்த்ததும் எல்லாம் நிண்டு போச்சு.’

ஊனோவின் ராம் 2048 பைட். திரையின் பிரதிக்கு 1024 போனால் பாதி முடிந்தது. எஸ்டி கார்டு லைப்ரரி 512 பைட் வைத்துக்கொள்ளும். மிச்சம் 512. அதற்குள் சீரியல், ஐ2சி, உங்கள் மாறிகள், ஸ்டாக் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கவேண்டும்.

அந்த 40 வீதம் ஏன் ஏமாற்றுகிறது என்றால், அடாஃப்ரூட் லைப்ரரி தன் 1024 பைட்டைப் புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகு, பிகின் வரியில்தான் கேட்டு வாங்கும். கொம்பைல் செய்யும் நேரத்தில் அது கணக்கில் வராது. கிடைக்காவிட்டால் பிகின் ‘தோல்வி’ என்று திருப்பிச் சொல்லும். அந்தப் பதிலைப் பார்க்காமல் விடுகிறவர்களுக்குத்தான் ‘காரணமில்லாமல் நின்றுபோச்சு’ என்று தோன்றும்.

வழிகள் உண்டு. ப்ரிண்ட் செய்யும் நிலையான வசனங்களை எஃப் மக்ரோவுக்குள் போட்டால் அவை ராமுக்கு வராமல் பிளாஷிலேயே (புரோகிராம் குடியிருக்கும் நினைவகம்) இருக்கும். இன்னும் இடம் வேண்டுமானால் யூ8ஜி2 லைப்ரரியின் பக்க முறைக்கு மாறுங்கள். அது ஒரு பட்டைக்கான 128 பைட்டை மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் வரைபடக் கட்டளைகளை எட்டுத் தடவை ஓடவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டையை அனுப்பும். ஒரு எச்சரிக்கை: அந்தச் சுற்றுக்குள் சென்சரை வாசிக்காதீர்கள். எட்டுத் தடவையும் எட்டு விதமான எண் வந்தால், மேல்பாதி ஓர் எண்ணும் கீழ்பாதி இன்னோர் எண்ணுமாக வெட்டிய இலக்கம் தெரியும். முதலில் வாசித்து ஒரு மாறியில் போட்டுவிட்டுப் பிறகு வரையுங்கள்.

புதிதாகப் போர்ட் வாங்கப்போகிறவர்களுக்கு என் வார்த்தை: ஈஎஸ்பி32 வாங்குங்கள். அதன் ராம் 520 கிலோபைட். ஆனால் ஊனோவில் ஒரு தடவை திணறிப் பார்த்த பிள்ளைதான் பைட்டுக்கு மதிப்புக் கொடுக்கும். இதில் நான் கொஞ்சம் பழைய ஆள்.

எண் மாறும்போதெல்லாம் திரை சிமிட்டுகிறது.

துடைத்து அனுப்பி, பிறகு எழுதி அனுப்பினால் இடையில் கறுப்புத் தெரியும். பிரதியில் துடையுங்கள், அதிலேயே எழுதுங்கள், கடைசியில் ஒரே தடவை அனுப்புங்கள். ஐ2சியில் ஒரு பைட்டுக்கு ஒன்பது துடிப்பு. 1024 பைட்டுக்கு 9216. நொடிக்கு ஒரு லட்சம் துடிப்பென்றால் ஒரு முழுப்படம் போக ஏறக்குறைய 92 மில்லிசெக்கன். நாலு லட்சமென்றால் 23. வேகத்தைக் கூட்டலாம், அதைவிட நல்லது எண் மாறினால் மட்டும் அனுப்புவது. வெப்பநிலை நொடிக்கு நாற்பது தடவை மாறப்போவதில்லை.

தமிழில் எழுத முடியாதா?

முடியும், ஆனால் ப்ரிண்ட் கட்டளைக்குள் தமிழைத் தட்டினால் வராது. ‘மட்டக்களப்பு’ என்று போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் புள்ளிகளும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 12 குறி. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக 36 பைட். அடாஃப்ரூட் லைப்ரரியின் இயல்பான எழுத்துருவுக்கு ஒரு பைட் ஓர் எழுத்து, ஒரு வரியில் 21 எழுத்துத்தான் கொள்ளும். ஆகவே நம் ஊர்ப்பெயர் இரண்டு வரிக்கு விசித்திரக் குறிகளாக ஓடும்.

எழுத்துரு ஒன்றைச் செய்து போட்டாலும் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ‘கொ’ என்று எழுதினால் உள்ளே வருவது முதலில் க, பிறகு ஒகரக் குறி. திரையில் ஒற்றைக் கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால் வரவேண்டும். கு, டு, ழு என்று உகரம் ஒவ்வொரு எழுத்தோடும் வெவ்வேறு மாதிரி ஒட்டும். கணினியில் இதைச் செய்ய ஒரு தனி இயந்திரமே இருக்கிறது. ஊனோவில் அது இல்லை.

கண்காட்சிக்கோ வீட்டுக்கோ செய்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி எளிது. உங்களுக்குத் தேவை ‘வெப்பம்’, ‘ஈரப்பதன்’, ‘தண்ணீர் நிரம்பியது’ போன்ற ஐந்தாறு சொற்கள். கணினியில் ஒரு வரைதல் புரோகிராமில் 16 புள்ளி உயரத்தில் அந்தச் சொல்லைத் தட்டி, கறுப்பு வெள்ளைப் படமாகச் சேமித்து, பைட் வரிசையாக மாற்றி, பிளாஷில் வைத்து, படமாகவே வரையுங்கள். 64க்கு 16 புள்ளிச் சொல் 128 பைட்டுத்தான். எண்கள் மட்டும் ப்ரிண்டில் வரட்டும். கணினி எழுத்துருவைச் சுருக்கும்போது ணகரத்தின் சுழிகள் அடைபட்டுப்போகும். அதைக் கையால் புள்ளி புள்ளியாகத் திருத்தவேண்டும். ஒரு பின்னேர வேலை, ஆனால் திரையில் தமிழ் வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

எந்தச் சொல்லும் வரவேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு: உயிர் 12, ஆய்தம், அகர மெய் 18, உகர ஊகாரத் தொடர் 36, கொம்பும் காலும் விசிறியும் புள்ளியுமாகச் சில, டி டீ தனி. கிரந்தத்தை விட்டால் எண்பதுக்குள் அடங்கும். 16க்கு 16 புள்ளி வடிவம் ஒன்று 32 பைட்; எண்பதுக்கு 2560 பைட். ஊனோவின் 32 கிலோபைட் பிளாஷில் தாராளமாக இருக்கும். கொம்பை முன்னுக்குத் தள்ளும் விதியை நீங்களே எழுதவேண்டும். ஏ.எல். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் எனக்குத் தெரியாது.

மேலே மஞ்சள், கீழே நீலம் என்று விற்கிறார்களே, அது கலர் திரையா?

இல்லை. மேல் 16 வரி எப்போதும் மஞ்சள், மற்ற 48 எப்போதும் நீலம். புரோகிராமால் மாற்ற முடியாது. நடுவில் பெரிய எண் போட நினைப்பவர்கள் ஒரே நிறத் திரையை வாங்குங்கள்.

வாவியில் தோணியில் வைக்கலாமா?

இந்தத் திரையை வைத்தால் பகலில் வெறும் கறுப்புக் கண்ணாடி. ஓஎல்ஈடி தானே ஒளிர்வது. நம் ஊர் வெயிலோடு போட்டி போட அதனால் ஏலாது. வெயிலுக்குப் பழைய நோக்கியா 5110 திரை நல்லது. அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக் காட்டுவதால் வெயில் ஏறஏறத் தெளியும். 84க்கு 48 புள்ளி, 504 பைட். ஊனோவுக்கும் பாரம் குறைவு. ஐ2சி அல்ல, எஸ்பிஐ என்ற வேறு இணைப்பு முறை; வயர் கூட. அதன் பிசிடி8544 சிப் 3.3 வோல்ட்டுக்கானது, ஆகவே 5 வோல்ட் ஊனோவின் பின்களை நேரே இணைக்காமல் இடையில் வோல்ட் மட்டத்தை மாற்றும் சிறு பலகை ஒன்றை வையுங்கள். படம் தெரியாமல் முழுக் கறுப்பாகவோ முழு வெளிறலாகவோ இருந்தால் பயப்படாதீர்கள், கொன்ட்ராஸ்ட் எண்ணை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

தண்ணீர்த் தாங்கி மொட்டைமாடியில், திரை குசினியில். வயர் எவ்வளவு நீளம் இழுக்கலாம்?

ஐ2சி ஒரு பெட்டிக்குள் ஓடப் பிறந்தது. திரையைப் போர்டிலிருந்து ஒரு மீற்றருக்குள் வையுங்கள். தாங்கிப் பக்கம் ஓர் ஈஎஸ்பி, குசினியில் திரையோடு ஓர் ஈஎஸ்பி, இடையில் வைஃபை என்று செய்தால் சுவரைத் துளைக்கவும் வேண்டாம். மட்டம் பார்க்கத் தண்ணீர் புகாத அல்ட்ராசொனிக் சென்சர் எடுங்கள், ஆனால் அது மிகக் கிட்டே உள்ளதைக் காணாது. 25 சென்ரிமீற்றராவது இடைவெளி விட்டு, நிரம்பிய மட்டத்துக்கு மேலே பூட்டுங்கள்.

மோட்டர் ஓடத் தொடங்கியதும் திரை உறைந்துவிடுகிறது.

ரிலேயும் (மோட்டரைப் போட்டு நிறுத்தும் மின்சுவிட்ச்) மோட்டரும் கிளப்பும் மின் இரைச்சல் வயரில் ஏறி ஐ2சியைக் குழப்புகிறது. ஊனோவில் ஐ2சியைக் கவனிக்கும் ‘வயர்’ என்ற லைப்ரரி பதில் வரும்வரை காத்திருந்து அங்கேயே நின்றுவிடும்; புதிய பதிப்புகளில் காலவரம்பு வைக்கலாம், ஆனால் அதை நீங்கள்தான் இயக்கவேண்டும். ரிலேக்குத் தனி மின்வழங்கி, திரையின் விசிசிக்கும் ஜிஎன்டிக்கும் இடையில் 100 நானோஃபரட் கொண்டென்சர், குட்டை வயர், மோட்டர் மாறிய பின் திரையை மறுபடி பிகின் செய்வது: இந்த நாலையும் செய்த பிறகு யாரும் என்னிடம் திரும்பி வந்ததில்லை. 230 வோல்ட் பக்கத்தை மட்டும் பிள்ளைகள் தொடவேண்டாம், தெரிந்த எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு 21 நாளும் எரியவிடலாமா?

எரியும், ஆனால் அசையாமல் நிற்கும் ‘வெப்பம்’ என்ற சொல் மெல்ல மெல்லத் தழும்பாகிவிடும். அதிகம் எரிந்த புள்ளி மங்கும். வேறு படம் போட்டாலும் பழைய சொல் ஆவிபோலத் தெரியும். ஒரு நிமிடத்தில் திரையை அணைத்து, பட்டனை அழுத்தினால் எழும்பும்படி செய்யுங்கள். அணைக்க ஏஈ, எழுப்ப ஏஎஃப்; நினைவகத்தில் உள்ளது அழியாது. வெளிச்ச எண்ணைக் குறைப்பதும் உதவும், பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். சென்சரில் கஞ்சத்தனம் வேண்டாம்: டிஎச்டி11 இரண்டு பாகை பிழை காட்டலாம், 37.5 பாகையில் நிற்கவேண்டிய முட்டைக்கு அது தாங்காது. டிஎச்டி22 அரைப் பாகைக்குள் நிற்கும்.

கடற்கரைப் பக்கம் வீடு. கெதியில் பழுதாகுமா?

திரையை விடப் பின்கள்தான் முதலில் போகும். உப்புக்காற்றில் ஜம்பர் வயரின் முனை பச்சை பிடிக்கும், மாரியில் இன்னும் மோசம். நிலையாக வைக்கும் வேலைக்கு வயரை நேரே ஈயம் வைத்து ஒட்டுங்கள், பெட்டியை மூடுங்கள்.

சாமான் எங்கே எடுப்பது?

அவசரமென்றால் ஊரில் விசாரியுங்கள், இல்லாவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. யாராவது பஸ் ஏறினால் இரண்டு திரையாகச் சொல்லிவிடுங்கள். ஒன்று பழுதென்று தெரிவது மட்டக்களப்பு வந்த பிறகுதான்.

பாடும் மீன் படம் போடவேணும்!

விறாந்தையில் முதலில் வரும் ஆசையே இதுதான். 64க்கு 32 புள்ளிப் படம் 256 பைட். மீன் துண்டு துண்டாகி, ஒவ்வொரு எட்டுப் புள்ளியும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நின்றால் பிட் வரிசை மாறிவிட்டது. யூ8ஜி2 கேட்கும் எக்ஸ்பிஎம் வடிவில் கடைசிப் பிட் இடப்பக்கம், அடாஃப்ரூட்டின் ட்ரோ பிட்மெப்பில் முதற்பிட் இடப்பக்கம். படத்தை மறுபடி வரையவேண்டாம், மாற்றும் புரோகிராமில் அந்த ஒரு தெரிவை மாற்றி மறுபடி எடுங்கள்.